பொருள்: படைச் சிற்றுருவா, படைப்பாவையா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். ஆங்கிலத்தில் ‘மிலிட்டரி மினியேச்சர்’ எனப்படும், வண்ணம் தீட்டிய சிறு போர்வீரர் உருவங்களுக்குப் ‘படைச் சிற்றுரு’ என்ற சொல் இங்கே முன்வைக்கப்பட்டுள்ளது. இலக்கணப் பிழை இல்லைதான். ஆனால் பீரங்கி, கோட்டைச் சுவர், கவச வண்டி ஆகியவற்றின் சிறு வடிவங்களும் சிற்றுருக்களே. சேகரிப்பவர் தனித்துச் சுட்ட விரும்புவது மனித உருவத்தை. அதற்குப் ‘படைப்பாவை’ என்பதை நான் முன்மொழிகிறேன்.

பாவை என்றால் பெண் என்ற மறுப்பு எழும். தோற்பாவைக் கூத்தில் இராமனும் இராவணனும் பாவைகள்தாமே? உலோகத்தில் வார்த்த உருவத்துக்குப் பாவை விளக்கு ஏற்கெனவே சான்றாக நிற்கிறது. ‘படைப்பு’ என்று கண் முதலில் தடுக்குவது உண்மை. இரண்டாம் முறை படிக்கும்போது அந்தத் தடுக்கல் இருக்காது. ‘போர்ப்பாவை’ என்றால் அணிவகுப்பில் முரசறைபவரும் கொடி பிடிப்பவரும் வெளியே நின்றுவிடுவர். ‘பொம்மை’ என்பதை நான் ஏற்காததற்குச் சொந்தக் காரணம் ஒன்று உண்டு. பழைய வண்ணாரப்பேட்டையில் என் வீட்டு அலமாரியைப் பார்க்கும் எதிர்வீட்டு அம்மா, நவராத்திரி முடிந்து மூன்று மாதம் ஆகியும் கொலுவைக் கலைக்கவில்லையா என்று தை மாதத்தில் கேட்கிறார்.

அளவைச் சொல்லும்போதும் இச்சொல் உதவும். 28 மி.மீ. உருவங்களைப் பலர் உள்ளங்காலிலிருந்து உச்சந்தலை வரை அளப்பதில்லை. தொப்பியும் தலைப்பாகையும் உச்சியை மறைத்துவிடுவதால் கண்மட்டம் வரை அளக்கிறார்கள். கண்மணிக்கும் பாவை என்ற பெயர் உண்டு என்பதால், பாவையைப் பாவை வரை அளக்கிறோம் என்று சொல்லி மகிழலாம். வார்ப்பு முறையைச் சுட்டவும் இது பொருந்தும். 1893இல் பிரிட்டனின் வில்லியம் பிரிட்டன் நிறுவனம் கொண்டுவந்த முறையில், உருகிய ஈயக் கலவையை அச்சில் ஊற்றி, வெளித்தோல் இறுகியதும் உள்ளே மிஞ்சியதைக் கவிழ்த்துவிடுவார்கள். உலோகம் மிச்சமானதால் விலை குறைந்து, ஜெர்மானியரின் கனத்த வார்ப்புகள் சந்தையில் பின்தங்கின. இவ்வாறு உள்ளீடற்று வார்த்த உருவங்களைப் ‘பொள்ளல் படைப்பாவை’ எனலாம். அடைமொழி சேர்த்தாலும் சொல் குலையவில்லை.

என் மேசையில் இப்போது 54 மி.மீ. உயரத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படைச் சிப்பாய் ஒருவர், சிவப்பு மேற்சட்டையோடும் வெறுங்காலோடும், தலைக்கு மட்டும் வண்ணம் பெறாமல் நிற்கிறார். அவர் எந்த ஆண்டைச் சேர்ந்தவர் என்று முடிவு செய்யாமல் தூரிகையைத் தொட முடியாது. 1805 நவம்பரில் தலைமைத் தளபதி ஜான் கிரடாக் காலத்தில் புகுத்தப்பட்ட, தோற்சின்னம் பொருந்திய புதிய தலையணியும், சீருடையில் நெற்றிக்குறி கூடாது, தாடி கூடாது என்ற ஆணைகளும்தாம் 1806 ஜூலை 10 அன்று வேலூர்க் கோட்டையில் வெடித்த கிளர்ச்சிக்கு உடனடிக் காரணங்கள். எதிர்த்துப் பேசிய சிப்பாய்களை அதற்கு முன்பே தண்டனைக்காக இங்குள்ள புனித ஜார்ஜ் கோட்டைக்கு அனுப்பியிருந்தார்கள். ஆகவே நெற்றியில் ஒரு கீற்றுத் திருநீறு வைத்தால் அவர் ஆணைக்கு முந்தையவர், அல்லது ஆணையை மீறியவர், அல்லது கிளர்ச்சிக்குப் பின் ஆணை விலக்கப்பட்ட காலத்தவர்.

‘படைச் சிற்றுரு’வைக் கைவிடச் சொல்லவில்லை; பீரங்கி, குதிரை, வண்டி அனைத்தையும் அடக்கும் பொதுச்சொல்லாக அது இருக்கட்டும். குதிரையோடு சேர்த்தே வார்த்த வீரரை எதில் சேர்ப்பது என்பதில் எனக்கே தெளிவில்லை. ‘பரிப்படைப்பாவை’ வாய்க்குச் சற்று நீளம். உங்கள் கருத்தை அறிய விழைகிறேன்.

அன்புடன்,
பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து