ஓடுவிடல்: டாரன்டுலா இரையை மறுக்கும் பருவத்துக்கு ஒரு சொல்

குழுவினருக்கு வணக்கம்.

டாரன்டுலா என்கிற பெரிய முடிச்சிலந்தியின் வளர்ப்புக் குறிப்புகளில், அது பழைய ஓட்டைக் கழற்றுவதைச் சொல்ல ‘தோலுரித்தல்’ ஒன்றே போதும், பாடநூலிலேயே இருக்கிறது என்று திருப்புல்லாணி அண்ணன் எழுதியிருந்தார். இருக்கிறதுதான். ஆனால் தோலுரிப்பது என்றால் கறிக்கடையில் ஆட்டுக்கு நடப்பது, இல்லாவிட்டால் மேடையில் எதிர்க்கட்சிக்கு நடப்பது. உரிக்கிறவர் ஒருவர், உரிபடுவது இன்னொன்று. சிலந்தியோ தானே கழற்றிப் போடுகிறது. பாம்புக்குச் சொல்கிற ‘சட்டை கழற்றுதல்’ அதற்கும் பொருந்தும். கழற்றிப் போட்டதற்கு ‘உரி’. மெல்லிய துணிக்கு அரவுரியை உவமை சொன்ன சங்கப் பாட்டே இருக்கிறது, நாம் புதிதாக எதையும் கட்ட வேண்டாம். இந்த இரண்டையும் இதோடு விட்டுவிடலாம்.

எனக்குச் சிக்கல் அதற்கு முந்தைய பருவத்தில்தான். வளர்ப்பவர்கள் ‘ப்ரீமோல்ட்’ என்கிறார்கள். புதிதாக வளர்ப்பவர்கள் பதறிப்போய்க் கேட்பதும் பெரும்பாலும் இந்தப் பருவத்தைப் பற்றித்தான். வாரம் தவறாமல் சுவர்க்கோழியையோ கரப்பானையோ பாய்ந்து பிடித்துக்கொண்டிருந்த சிலந்தி திடீரென்று இரையைத் தொடாது, காலில் ஏறினால்கூட உதறிவிட்டு ஒதுங்கும். குட்டி என்றால் ஒன்றிரண்டு வாரத்தில் முடிந்துவிடும். வளர்ந்தது, அதுவும் தென் அமெரிக்காவின் கோலியாத் மாதிரி கால் விரித்தால் 28 செ.மீ. வரை போகிற பெரிய இனங்கள், மாதக்கணக்கில் பட்டினி கிடக்கும். வயிறு உப்பிப் பளபளக்கும், நிறம் மங்கும். அமெரிக்கக் கண்டத்து இனங்கள் பலவற்றுக்கு வயிற்றில் அரிக்கும் முடி உண்டு, பின்னங்காலால் தேய்த்து எதிரியின் மேல் தூவும். அப்படித் தேய்த்து வழுக்கையான இடம் இந்தப் பருவத்தில் கறுத்துப்போகும், அடியில் முளைத்துக் காத்திருக்கிற புது முடி தெரிவதால். நம் நாட்டு மரச்சிலந்திகளுக்கு அந்த முடியே கிடையாது, அவற்றிடம் இந்த அடையாளத்தைத் தேடிப் பயனில்லை.

உள்ளே நடப்பது இதுதான். பழைய ஓடு அடித்தோலை விட்டுப் பிரிகிறது, அதற்குக் கீழே புது ஓடு உருவாகிறது, இடையில் ஊறும் திரவம் பழையதின் உட்பக்கத்தைக் கரைக்கிறது, கரைந்ததை உடல் திரும்ப எடுத்துக்கொள்கிறது. நச்சுப்பல்லும் அப்படித்தான், பழைய பல்லுக்குள் புதுப் பல். இரையைக் கரைத்து உறிஞ்சிக் குடிக்கிற பிராணி அது, அந்த உறிஞ்சு இரைப்பையின் உட்பூச்சுகூடச் சட்டையோடு கழன்று வரப்போகிறது. இந்த நிலையில் எதைத் தின்னும்?

இதற்கு வந்த யோசனைகளில் ‘உரிமுன்நிலை’ அகராதிக்குப் போகும், வாய்க்கு வராது. பரமக்குடித் தம்பி சொன்ன ‘உரிநோன்பு’ அழகாக இருக்கிறது, எனக்கும் ஒரு நாள் முழுக்கப் பிடித்திருந்தது. ஆனால் பட்டினி வெளியே தெரிகிற ஓர் அடையாளம், அவ்வளவுதான். வயிறு நிறைந்த டாரன்டுலா சட்டை கழற்றும் எண்ணமே இல்லாமலும் வாரக்கணக்கில் சாப்பிடாமல் இருக்கும். சிலது இந்தப் பருவத்திலும் ஒரு பூச்சியைப் பிடித்து வைக்கும். அப்புறம், கீழக்கரைப் பக்கம் நோன்பு என்றால் மாலையில் திறக்கவும் வேண்டும். யாராவது அன்பு மிகுதியில் இடுக்கியால் இரையை நீட்டிக்கொண்டே இருப்பார்கள், செய்யக்கூடாத காரியமே அதுதான். தண்ணீர் மட்டும் கிண்ணத்தில் எப்போதும் இருக்க வேண்டும்.

நான் சொல்வது ‘ஓடுவிடல்’. புளியங்காய் பச்சையாக இருக்கும்போது ஓடு சதையோடு ஒட்டிக்கொண்டிருக்கும். பழுத்தால் சதை சுருங்கி ஓடு தனியாக நிற்கும். ஓடு விட்டிருச்சா பார் என்று குலுக்கிப் பார்ப்போமே, அதே ‘விடுதல்’. ஓடு இன்னும் மேலேதான் இருக்கிறது, ஆனால் ஒட்டு விட்டுப்போயிற்று. உள்ளே நடப்பதை அப்படியே சொல்கிற சொல். ‘சிலந்தி ஓடு விட்டிருக்கிறது, இரை போடாதே’ என்று ஒரு வாக்கியத்தில் எழுதிவிடலாம்.

சொல் புளியமரத்திலிருந்து வருவது எனக்கு இன்னொரு காரணத்துக்காகவும் பிடித்திருக்கிறது. நம் ராமேஸ்வரத்திலும் ஒரு டாரன்டுலா உண்டு, புளியிலும் பனையிலும் பொந்துகளில் இருப்பது. 2004-ல் அறிவியல் பெயர் வைத்தபோது தீவிலுள்ள அனுமன் கோயிலை வைத்து ‘ஹனுமவிலாசுமிகா’ என்றார்கள். அழியும் விளிம்பில் இருக்கிற இனம். 2019-ல் அதன் பேரினம் முழுவதும், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலுக்குப் போய்விட்டது. அதனால் குறிப்பைப் படித்துவிட்டு யாரும் பாம்பன் பாலம் தாண்டிப் பொந்து நோண்டக் கிளம்ப வேண்டாம், இதையும் முதல் பக்கத்திலேயே போடுங்கள்.

– தங்கச்சிமடம்

*

தம்பிக்கு,

சொல் நன்றாக இருக்கிறது, ஆனால் ஓடு என்கிறாயே, சிலந்தி வயிற்றில் ஓடு எங்கே இருக்கிறது? தொட்டால் பை மாதிரி இருக்கிறது. நண்டுக்கு ஓடு என்றால் ஒத்துக்கொள்வேன். இன்னொன்று, கழற்றிய பிறகு வருகிற நிலைக்குச் சொல்லே சொல்லாமல் விட்டுவிட்டாய். நண்டில் அதுதானே முக்கியம். ஓடு கழற்றி மெத்தென்று தண்ணீர் கோத்து நிற்பதைத் தண்ணி நண்டு என்று ஒதுக்கி வைப்பார்கள், சதை இருக்காது, விலையும் போகாது.

– மண்டபம் அக்கா

*

அக்கா,

வயிறு பைதான், மறுக்கவில்லை. அதனால்தான் அளவுக்கு மீறித் தீனி போட்ட சிலந்தி கண்ணாடிப் பெட்டியில் ஏறி விழுந்தால் வயிறு கிழிந்து சாகிறது. ஆனால் மேலே இருப்பது தலைமுதல் கால்நுனிவரை ஒரே உறை, முன்னுடலில் தடித்தும் வயிற்றில் மெல்லிதாகவும் இருக்கிறது. கழற்றும்போது முதலில் திறப்பதும் முன்னுடலின் கெட்டியான மேலோடுதான். வயிற்றிலிருந்து இரத்தத்தை முன்னால் தள்ளுகிற அழுத்தத்தில் அது மூடிபோல் தூக்கிக்கொள்ளும், பிறகுதான் கால்களை உருவும். நண்டு பின்பக்கமாக வெளியே வருகிறது, அந்த வித்தியாசம் உண்டு. பெயர் கெட்டியான பாகத்தை வைத்து இருந்துவிட்டுப் போகட்டும்.

கழற்றிய பிறகு வருவதற்கு ‘ஓடு இறுகல்’ சரிவருமா? தண்ணி நண்டைச் சிலந்திக்குக் கொண்டுவர முடியாது. நண்டு சுண்ணாம்புச் சத்தால் இறுகுகிறது. சிலந்தி ஓட்டில் சுண்ணாம்பு இல்லை, அதிலுள்ள புரதம் பிணைந்து கெட்டிப்படுகிறது. வளர்ப்பவருக்கு இதற்குக் கண்கூடான அளவுகோல் நச்சுப்பல்: முதலில் வெள்ளை, பிறகு சிவப்பு, கடைசியில் கறுப்பு. கறுக்கும்வரை இரை கூடாது, பெரிய சிலந்தி என்றால் பத்து நாளுக்கு மேலேகூட ஆகலாம். பெட்டிக்குள் விட்ட சுவர்க்கோழியை எடுக்காமல் மறந்துவிட்டால் அது சிலந்தியைக் கடித்துத் தின்னும், இங்கே இரை மாறிப்போகிறது.

அதோடு, நூலால் பாய் பின்னி அதன்மேல் மல்லாந்து கிடக்கிற சிலந்தியைச் செத்துப்போனதாக நினைத்துத் திருப்பிப் போடுகிறவர்கள், தூக்கி எறிகிறவர்கள் இருக்கிறார்கள். செத்தது பெரும்பாலும் மல்லாந்து கிடக்காது, கால்கள் உடலுக்கு அடியில் மடங்கிச் சுருண்டிருக்கும். மல்லாந்தது சட்டை கழற்றப் போகிறது. சில மணி நேரம் ஆகலாம், தொடாமல் விட வேண்டும். கழற்றிய உரியையும் எறியக்கூடாது. நனைத்து விரித்துப் பார்த்தால் பெண்ணா ஆணா என்று அதில் தெரியும், பெண்ணின் விந்துப்பையின் உட்பூச்சும் சட்டையோடு வந்துவிடுவதால்.

ஒரு சட்டை கழற்றலுக்கும் அடுத்ததற்கும் இடைப்பட்ட வளர்நிலையான ‘இன்ஸ்டார்’ என்பதற்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. சட்டையையே எண்ணி மூன்றாம் சட்டை, நான்காம் சட்டை என்று போகலாமா, அண்ணன் சொல்லட்டும்.

– தங்கச்சிமடம்