மூன்று தொன் மெசின் இழுக்க எந்தக் கொழுக்கி?

வணக்கம் உறவுகளே. ஒட்டுசுட்டான் பக்கம் வாய்க்கால் துப்புரவுக்குச் சின்ன எக்ஸ்கவேட்டர் ஒன்றை ட்ரெயிலர் பெட்டியில் ஏற்றி ட்ரக்டரால் இழுக்க வேண்டும். மெசின் மட்டும் 3 தொன், பெட்டியின் பாரம் வேறு. இப்போதிருப்பது நெல் மூட்டை ஏற்றும் பெட்டியை ட்ரக்டரோடு கொழுவும் சாதாரண இரும்பு ஊசிதான் ('பின்'). ஓட்டை நீள்வட்டமாகத் தேய்ந்து, பிரேக் பிடித்தால் 'டக்' என்று இடிக்கிறது. வெல்டிங் அண்ணை 50 மில்லிமீற்றர் பந்துக் கொழுக்கி போடச் சொல்கிறார். அது பெரும்பாலும் 3.5 தொன் வரைக்கும்தானே? வளையமும் தடித்த பின்னும்தான் சரியென்று எனக்குப் படுகிறது. ட்ரக்டரின் மேல் லிங்கில் (பின்பக்கம் கலப்பை பூட்டும் மேல் தண்டில்) கட்டி இழுக்கிற யோசனையை மட்டும் சொல்லாதீர்கள், முன்சில்லு கிளம்பிவிடும்! மாங்குளம், கிளிநொச்சிப் பக்கம் தாங்கும் பாரம் பொறித்த நல்ல கொழுக்கி எங்கே எடுக்கலாம்? பாதுகாப்புச் சங்கிலி எந்தத் தடிப்பில் போட்டிருக்கிறீர்கள்? படமும் போட்டால் பெரிய உதவி.