கேஷும் காசும் ஒண்டா?

வாவிக்கரையான்:
நேத்து ஒருத்தர் முழங்கியிருந்தார்: இங்கிலீஷ்காரன்ட 'கேஷ்' நம்மட 'காசு'தானாம், இல்லையெண்டா தமிழ்த் துரோகியாம். லத்தீன்ல 'கப்சா' எண்டா பெட்டி. பிரெஞ்சில 'கெஸ்'. இங்கிலீசில முதல்ல பணப்பெட்டி, மறுகா பெட்டிக்குள்ள கிடக்கிற பணம். இதுக்குள்ள காசு எங்ககா வந்த?

கல்லடிக் காளை:
எழுதினது நான். பேரைச் சொல்ல நா எழும்பல்லயோ? தஞ்சாவூர்ப் பெரிய கோயில் கல்வெட்டில 'காசு' இரிக்கி. 1000 வருசம். இங்கிலீசில கேஷ் வந்து 500 வருசமும் இல்ல. எது பழசு?

அக்கரைப்பற்று காக்கா:
சண்டை புடிக்காதீங்க. இங்கிலீசில கேஷ் ரெண்டு சொல்லு. கடையில குடுக்கிற கேஷ் பெட்டி வழி. மற்றது சின்னச் செப்புக்காசு. அது நம்மட காசு, போர்த்துக்கேயன்ட வாயில 'காய்ஷா' ஆகி அங்க போனது. மெட்ராசில 1818 வரைக்கும் 80 கேஷ் ஒரு 'பணம்' எண்ட நாணயம், 42 பணம் ஒரு வராகன் எண்ட பொற்காசு. சீனாக்காரன்ட ஓட்டைக் காசுக்கும் வெள்ளைக்காரன் அந்தப் பேரத்தான் வச்சான்.

கல்லடிக் காளை:
பாத்தீங்களா! காக்காவே சொல்லிட்டார், காசு!

அக்கரைப்பற்று காக்கா:
பாதியத்தான் சொன்ன நான். மற்றப் பாதியையும் வாசிங்க தம்பி.

வாவிக்கரையான்:
அவர் வாசிக்கமாட்டார். பட்டாளத்தில ஒரு ஒபிசரை 'கேஷியர்' பண்ணினா, மானத்தை வாங்கி வேலையால துரத்துறது. அது ஒல்லாந்தன்ட சொல்லு. பெட்டியுமில்ல, காசுமில்ல.

கல்லடிக் காளை:
காசு களவெடுத்தவனைத்தானே துரத்துவானுகள்? அப்ப அதுவும் காசுதான். எது பழசு எண்டு இன்னும் பதில் வரல்ல.

வாவிக்கரையான்:
அப்ப மரமுந்திரிகைக் கஜுவும் காசுதான் போல.

கல்லடிக் காளை:
ஏன், கஜு என்ன சும்மாவா தாறானுகள்?

அக்கரைப்பற்று காக்கா:
கஜு பிரேசில் ஆதிக்குடிகள்ட 'அக்காஜு'. மரத்தோட பேரையும் போர்த்துக்கேயன்தான் கொண்டு வந்தான்.

ஏறாவூர் இளசு:
கஜு எண்டா எங்கட பக்கத்துக் கஜுதான். அக்கரைப்பற்றில அந்த ருசி வராது.

அக்கரைப்பற்று காக்கா:
எங்கட ஊர்ல திண்டு பாத்திட்டுக் கதைங்க வாப்பா.

கல்லடிக் காளை:
கதைய மாத்தாதீங்க. 'கட்டமரான்' தமிழ் எண்டு போன வருசம் நான் சொன்ன நேரமும் பல்லைக் காட்டினவர்தான் இந்த வாவிக்கரையார்.

வாவிக்கரையான்:
கட்டுமரத்துக்கு ஆரு சிரிச்ச? பணத்துக்கு இங்கிலீஷ்காரன் சொல்ற 'மணி'யும் தமிழ் எண்டு நீங்க விட்டதுக்குத்தான் சிரிச்ச நான். அதையும் சொல்லுங்க.

கல்லடிக் காளை:
மணிக்குப் பிறகு வாறன். பெரிய கோயில் கல்வெட்டு பழசா, உங்கட கேஷ் பழசா? லத்தீன் பெட்டிய மூடி வச்சிட்டு ஒரு சொல்லில சொல்லுங்க.