இங்கிலாந்தில் படித்துக்கொண்டே பள்ளியில் இன்டர்ன்ஷிப், விசா சிக்கல் வருமா?

பென்னாகரத்தான்: இங்கே எம்.ஏ. கல்வியியல் படிக்கிறேன். வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகள் அதிகம் படிக்கும் ஒரு பள்ளியில் சம்பளமில்லாத இன்டர்ன்ஷிப்புக்குக் கூப்பிடுகிறார்கள், சம்பளம் இல்லையென்றால் விசாவின் 20 மணி நேரக் கணக்கில் வராது என்று ரூம்மேட் சொல்கிறான், நம்பலாமா?

ஓசூர் அக்கா: நம்பாதே தம்பி. சம்பளம் இல்லாவிட்டாலும் இன்டர்ன்ஷிப் வேலைதான், வகுப்பு நடக்கும் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரத்துக்குள் அடங்க வேண்டும். பாடத்திட்டத்திலேயே மதிப்பெண்ணோடு உள்ள பிளேஸ்மென்ட் என்றால் கணக்கு வேறு, எதுவானாலும் பல்கலைக்கழக விசா பிரிவில் எழுத்தில் கேட்டு வாங்கு. அப்புறம், பிள்ளைகளோடு இருக்கும் வேலை, டிபிஎஸ் என்ற குற்றப் பின்னணிச் சோதனை உண்டு. இந்தியப் போலீஸ் சான்றும் கேட்கலாம், அதற்காகத் தருமபுரிக்கு ஓடி வராதே, அங்குள்ள இந்தியத் தூதரகம் வழியாகவே விண்ணப்பிக்கலாம்.

அரூர்க்காரன்: இல்லம் தேடிக் கல்வியில் மாலை வகுப்பு எடுத்திருந்தால் விண்ணப்பத்தில் அதை முதலில் எழுதுங்கள், சான்றிதழ் அடுக்குவதைவிட அது எடுபடும் என்பது என் எண்ணம். இன்னொன்று, அங்கே பெரிய வகுப்புகளில் இலவச மதிய உணவு பெரும்பாலும் வீட்டு வருமானத்தைப் பார்த்துத்தான், நம் ஊர்ச் சத்துணவு மாதிரி கேட்டவர்க்கெல்லாம் கிடையாது. யார் வாங்குகிறார்கள் என்று மற்ற பிள்ளைகள் முன்னால் கேட்டுவிடாதீர்கள். போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் போடுவதும் வேண்டாம்.

பென்னாகரத்தான்: சரி அக்கா, விசா பிரிவுக்கு இன்றே மெயில் போடுகிறேன்.