அரிஷ்டம் குடித்துவிட்டு ஊதினேன், வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள்

கேள்வி: அஸ்தம்பட்டி டிரைவர்

வணக்கம். 14 வருடமாக சேலம் – ஏற்காடு பாதையில் பள்ளி வேன் ஓட்டுகிறேன். 20 கொண்டை ஊசி வளைவிலும் எங்கே கியர் மாற்ற வேண்டும் என்று கை தானாகச் சொல்லும். போன செவ்வாய் காலை ஐந்தரைக்கு வேன் நிறுத்தும் ஷெட்டில், மது குடித்திருக்கிறோமா என்று பார்க்கும் மெஷினில் ஊதச் சொன்னார்கள். அதற்குச் சற்று முன்புதான் இடுப்பு வலிக்காக ஒரு மூடி தசமூலாரிஷ்டம் குடித்திருந்தேன். நாக்கில் கசப்புகூடப் போகவில்லை. மெஷின் 18 காட்டியது. மேனேஜர் சாவியை வாங்கிக்கொண்டு வெள்ளைத்தாளில் கையெழுத்துக் கேட்டார், போட்டுவிட்டேன். அன்றிலிருந்து வேலை இல்லை. நான் சாராயக் கடைப் படி ஏறியதே இல்லை. சட்டத்தில் 30 வரை பரவாயில்லை என்கிறார்களே? போலீஸ் இல்லாமல் இவர்கள் ஊதச் சொல்லலாமா?

பதில்: சூரமங்கலம், ஓய்வுபெற்ற லோகோ பைலட் (ரயில் ஓட்டுநர்)

தம்பி, நான் பணியில் இருந்தபோது, டூட்டிக்குக் கையெழுத்துப் போடுகிற லாபியில் ஊதாமல் ரயில் ஏறியதே கிடையாது. அதில் அவமானம் ஒன்றும் இல்லை. ஆனால் ஊத வைக்கவும் முறை இருக்கிறது. அரிஷ்டம் புளிக்க வைத்துச் செய்கிற மருந்து, அதிலேயே ஆல்கஹால் ஊறும். குடித்த உடனே ஊதினால் ரத்தத்தில் இருப்பதை அல்ல, வாயில் ஒட்டியிருப்பதை மெஷின் பிடிக்கும். வாய் கொப்பளிக்க வைத்து, 15 நிமிடம் உட்கார வைத்து, மறுபடி ஊத வைத்திருக்க வேண்டும். இரண்டாவது தடவை ஊத வைத்தார்களா? அதைத்தான் நீ முதலில் கேட்க வேண்டும்.

பதில்: தொழிற்சங்கத்தில் வழக்கு பார்ப்பவர்

அண்ணா, சட்டத்தையும் கம்பெனி விதியையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். மோட்டார் வாகனச் சட்டம் 185-வது பிரிவில் 100 மி.லி. ரத்தத்தில் 30 மி.கி. தாண்டினால் குற்றம். முதல் தடவைக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது ₹10,000 அபராதம், அல்லது இரண்டும். அந்தச் சட்டப்படி ஊதச் சொல்ல சீருடைப் போலீஸுக்கும் போக்குவரத்துத் துறை அதிகாரிக்கும்தான் அதிகாரம். 18-க்கு உங்கள் மேல் வழக்கு வராது.

ஆனால் கம்பெனி தன் வண்டிக்கு பூஜ்யம் என்று விதி வைக்கலாம். விமானிகளுக்கும் பூஜ்யம்தான். அந்த விதியை முன்கூட்டியே எழுத்தில் கொடுத்திருக்க வேண்டும். மீறினால் சார்ஜ் மெமோ (குற்றச்சாட்டை எழுதிக் கொடுக்கும் கடிதம்), உங்கள் விளக்கம், உள்விசாரணை, அப்புறம்தான் தண்டனை. சாவியைப் பிடுங்குவது விசாரணை ஆகாது. பச்சுபாய் என்பவரின் வழக்கில், ரத்தமோ சிறுநீரோ சோதிக்காமல் வாயில் வாடையும் தள்ளாட்டமும் மட்டும் போதாது என்றது உச்ச நீதிமன்றம். அது குற்றவழக்கு, ஆனாலும் சொல்லிப் பாருங்கள்.

அந்த வெள்ளைத்தாள்தான் எனக்குப் பயம். இன்றைக்கே கடிதம் எழுதுங்கள்: எழுதாத தாளில் கையெழுத்து வாங்கினீர்கள், மெஷின் சீட்டு நகல், மெஷின் சரியாகக் காட்டுகிறது என்பதற்கான அளவீட்டுச் சான்று கொடுங்கள், மறுபரிசோதனை ஏன் இல்லை? ஸ்பீடு போஸ்டில் அனுப்பி ரசீதை வையுங்கள். இழுத்தடித்தால் சேலத்திலேயே தொழிலாளர் நீதிமன்றம் இருக்கிறது.

பதில்: ஏற்காட்டில் இருந்து ஒரு அம்மா

என் மகளும் இப்படியொரு வேனில்தான் இறங்குகிறாள். ஊதும் பழக்கத்தை மட்டும் எதிர்க்காதீர்கள், அண்ணா. உங்களுக்கு நடந்த அநியாயத்தைக் கேளுங்கள்.

அஸ்தம்பட்டி டிரைவர்

ஊதுவதை நான் எதிர்க்கவில்லை, தங்கச்சி. இரண்டாவது தடவை ஊத வைக்கவில்லை, ஐயா. சீட்டும் கொடுக்கவில்லை. மகனை விட்டுக் கடிதம் எழுதிவிட்டேன். அரிஷ்ட பாட்டிலையும் எடுத்து வைத்திருக்கிறேன், லேபிள் கிழியாமல்.