ரீஃபார்மிங்: ‘படலமூட்டல்’ பொருந்துமா?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

பழைய வால்வு ரேடியோக்களின் மின்வழங்கியைப் பழுதுபார்ப்பதற்கான சொற்பட்டியலில் ‘ரீஃபார்மிங்’ (நெடுநாள் சும்மா கிடந்த கண்டென்சரில், அதாவது மின்தேக்கியில், சிதைந்த ஆக்சைடு படலத்தை மின்னழுத்தம் கொடுத்துத் திரும்ப வளர்ப்பது) மட்டும் இன்னும் முடிவாகாமல் நிற்கிறது. ‘மறுசீரமைப்பு’, ‘மறுவடிவாக்கம்’ என்று இரண்டு பரிந்துரைகள் வந்திருக்கின்றன. இரண்டும் எனக்குச் சரியாகப் படவில்லை. ஏன் என்று சொல்ல, அந்த வேலை என்ன என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபையர் வால்வுக்கு அடுத்து நிற்கும் அலுமினிய டப்பாதான், அந்த டிசியின் ஏற்ற இறக்கத்தைச் சமன்செய்யும் ஃபில்டர் கண்டென்சர். பல செட்டுகளில் 50+50 மைக்ரோஃபாரட், 350 வோல்ட் என்று அதன் மேல் அச்சிட்டிருக்கும். உள்ளே இருக்கும் அலுமினியத் தகட்டின் மீது ஆக்சைடு படலம் ஒன்று படிந்திருக்கிறது. மின்காப்பு என்று அங்கே இருப்பது அந்தப் படலம் மட்டுமே. தாங்க வேண்டிய ஒவ்வொரு வோல்ட்டுக்கும் அதன் தடிமன் ஒன்றரை நானோமீட்டருக்குள்தான். தொழிற்சாலையில் மின்பகுநீரில் தகட்டை வைத்து, நேர்மின்னழுத்தம் கொடுத்து அதை வளர்க்கிறார்கள். செட்டு பல வருடம் பரணில் கிடந்தால் படலம் ஆங்காங்கே சிதைகிறது. அந்த நிலையில் நேராக 230 வோல்ட்டில் செருகினால் கசிவு மின்னோட்டம் எகிறும், கண்டென்சர் சூடேறி வெடிக்கவும் கூடும். போகிற போக்கில் ரெக்டிஃபையர் வால்வையும் மெயின்ஸ் டிரான்ஸ்ஃபார்மரையும் கெடுத்துவிடும். வால்வுக்கு மாற்று தேடிப் பிடித்துவிடலாம். அந்த டிரான்ஸ்ஃபார்மரைத் திரும்பச் சுற்றித் தர இன்று ஆள் கிடைப்பது அரிது.

அதனால்தான் முதலில் ரெக்டிஃபையர் வால்வைக் கழற்றுகிறோம். கண்டென்சரின் இணைப்பையும் பிரித்துவிட்டு, 47 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டர் வழியாக வெளியிலிருந்து டிசி மின்னழுத்தம் கொடுத்துப் படிப்படியாக உயர்த்துகிறோம். மீட்டரை அந்த ரெசிஸ்டரின் குறுக்கே வைத்துக்கொண்டால் போதும். அதில் 47 வோல்ட் காட்டினால் 1 மில்லி ஆம்பியர் கசிகிறது என்று பொருள். தொடக்கத்தில் முள் மேலே ஏறும், அப்புறம் மெல்ல மெல்ல இறங்கும். அந்த இறக்கம்தான் படலம் வளர்வதற்குச் சாட்சி. முள் இறங்க மறுத்து டப்பா வெதுவெதுப்பானால் அந்தக் கண்டென்சரை மாற்றிவிடுவதே நல்லது. வேலை முடிந்ததும், தேங்கியிருக்கும் மின்னூட்டத்தை ஒரு ரெசிஸ்டர் வழியே இறக்காமல் கண்டென்சரைத் தொடவே கூடாது.

இப்போது ‘மறுவடிவாக்கம்’. இங்கே எதன் வடிவமும் மாறவில்லை, அதனால் அது தானாகவே கழன்றுகொள்கிறது. ‘மறுசீரமைப்பு’ அதைவிடச் சிக்கலானது. பழைய டப்பாவின் அடியை அறுத்து, உள்ளிருப்பதை எடுத்துவிட்டுப் புதுக் கண்டென்சர்களை ஒளித்து வைக்கும் வழக்கம் ஒன்று உண்டு. வெளித்தோற்றம் மாறக் கூடாது என்று நினைப்பவர்கள் செய்வது. ‘மின்தேக்கியை மறுசீரமைத்தேன்’ என்று எழுதினால் படிப்பவர் அதைத்தான் நினைப்பார். இரண்டும் வெவ்வேறு வேலைகள், ஒரே சொல்லில் மாட்டிக்கொள்ளக் கூடாதவை.

என் பரிந்துரை ‘படலமூட்டல்’. காந்தமூட்டல், வலுவூட்டல் என்று ஏற்கெனவே புழங்கும் சொற்களின் வார்ப்பு இது. வினையாகவும் வளைந்து கொடுக்கிறது: படலமூட்டு, படலமூட்டிய, படலமூட்டாத. பட்டறையில் ஒருவர், ‘கண்டென்சருக்குப் படலமூட்டிட்டு அப்புறம் வால்வைப் போடு’ என்று சொல்ல முடிகிற சொல். கலைச்சொல்லுக்கு இந்தச் சோதனையை நான் முக்கியமாக நினைக்கிறேன். பெயர்ச்சொல்லாக மட்டும் அழகாக நின்று, ஏவலாகச் சொல்ல வராத சொல் அகராதியிலேயே தங்கிவிடும்.

நேற்று வந்த கேள்வி:

> மின்னூட்டம் என்பதோடு குழம்பாதா? ‘மறு’ என்ற முன்னொட்டும் வேண்டுமே?

குழம்பாது ஐயா, பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேறுபாடு இன்னும் தெளிவாகிறது. மின்னூட்டலில் சேர்வது மின்சாரம், அதை இறக்கிவிடலாம். படலமூட்டலில் சேர்வது ஆக்சைடு, மின்சாரத்தை இறக்கிய பிறகும் அது தகட்டில் இருக்கும். ‘மறு’ விஷயத்தில் உங்களோடு பாதி உடன்படுகிறேன். தொழிற்சாலையில் நடப்பதும் மேசையில் நடப்பதும் அதே நேர்முனை, அதே ஆக்சைடு, ஒரே வேதிவினை. அதனால் பொதுச்சொல்லாகப் படலமூட்டல் போதும். இரண்டையும் பிரித்துக் காட்ட வேண்டிய இடத்தில் மட்டும் மறுபடலமூட்டல் என்று எழுதலாம்.

விளக்கக் குறிப்பில் இரண்டு செய்திகளைச் சேர்க்கக் கேட்டுக்கொள்கிறேன். மெழுகு தோய்த்த பழைய காகிதக் கண்டென்சர்களுக்கு இது பொருந்தாது, அவற்றில் வளர்வதற்குப் படலமே இல்லை. மின்பகுநீர் வறண்டு கொள்திறன் இழந்த கண்டென்சரும் இதனால் பிழைக்காது. கசிவு குறைந்தாலும் ஒலிபெருக்கியில் ஹம் என்னும் இரைச்சல் அப்படியே இருக்கும்.

இலங்கைப் பாடநூல்களில் மின்தேக்கி ‘கொள்ளளவி’, ரெக்டிஃபையர் ‘சீராக்கி’. ‘கொள்ளளவிக்குப் படலமூட்டல்’ என்று சொல்லிப் பார்த்து, காதுக்கு இடறுகிறதா என்று அங்குள்ள நண்பர்கள் எழுதுங்கள்.