குல்மார்க்கில் ஸ்னோபோர்டு பழக ஒன் பீஸ் தெர்மல் தேவையா?

குன்னூர் தேயிலை:
ஜனவரி கடைசியில் காஷ்மீர் குல்மார்க் போய் ஸ்னோபோர்டு பழகப் போகிறேன், முழுக்கப் புதுசு. ஊட்டிக் குளிருக்கு வாங்கிய பருத்தி கலந்த தெர்மல் செட் இருக்கிறது. அது போதுமா, இல்லை கழுத்திலிருந்து கால்வரை ஒரே துணியாக வரும் ஒன் பீஸ் வாங்கணுமா? மெரினோ கம்பளியா பாலியஸ்டரா, எத்தனை ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணியின் கிராம் எடை)? பாத்ரூம் போவது எப்படி? பெண்களுக்கு இதுதான் முதல் கவலை. மேலே போட பெல்ட் வைத்த ஸ்னோ பேண்ட் இருக்கிறது. கொடைக்கானல் பக்கம் மன்னவனூர்ப் பண்ணையில் மெரினோ ஆடு இருக்கிறதே, அந்தக் கம்பளியில் இங்கேயே கிடைக்காதா?

தலைக்குந்தா:
பருத்தி செட்டை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்க. ஊட்டியில் உட்கார்ந்திருக்கவும் மெல்ல நடக்கவும் அது சரி. போர்டு பழகும்போது விழுந்து எழுவதும், போர்டைத் தூக்கிக்கொண்டு சரிவு ஏறுவதுமாக அரை மணியில் முதுகு நனைந்துவிடும். பருத்தி அந்த வியர்வையை விடாமல் பிடித்துக்கொள்ளும். கொண்டோலா (கேபிள் கார்) வரிசையில் நிற்கும்போது அந்த ஈரம் உடம்புச் சூட்டை இழுத்துவிடும்.

உயரத்தை வைத்துக் கணக்குப் போடாதீங்க. குல்மார்க் ஏறக்குறைய 2,650 மீட்டர், நம்ம தொட்டபெட்டா 2,637. உயரம் ஒன்றுதான், ஆனால் ஜனவரியில் அங்கே பகலிலேயே வெப்பம் சுழியத்தை ஒட்டி நிற்கும். கொண்டோலாவில் இரண்டாம் கட்டமும் ஏறினால் அப்ஹர்வத் சிகரத்துப் பக்கம் 3,900 மீட்டரைத் தாண்டிவிடும், காற்றும் சேர்ந்துகொள்ளும்.

ஒன் பீஸுக்குக் கூடுதல் காசு கொடுப்பது இடுப்புக்காகத்தான். பின்பக்கமாக விழுந்து சறுக்கும்போது ஜாக்கெட்டும் மேல் தெர்மலும் ஒன்றாக மேலேறி, இடுப்பில் வெறும் தோல் தெரியும். பனி நேராக அங்கே போகும். ஒன் பீஸில் அந்த இடைவெளியே கிடையாது; பெல்ட்டுக்கு அடியில் இரண்டு எலாஸ்டிக் அழுத்துவதும் இல்லை. நெஞ்சுவரை வரும் பிப் பேண்ட் போடுகிறவர்களுக்கு அந்த இடத்தைப் பிப்பே மூடிவிடும், அவர்களுக்கு மேல் கீழ் தனித்தனி செட் போதும். உங்களிடம் இருப்பது பெல்ட் பேண்ட், அதனால் வாங்குவது நியாயம். ஆனால் தெர்மல் பனியைத் தடுக்காது. ஜாக்கெட்டின் உள்ளே இடுப்பைச் சுற்றி வரும் பவுடர் ஸ்கர்ட் இருக்கிறதா என்று பார்த்து, அதன் பட்டன்களைப் போட மறக்காதீங்க.

துணி: மெரினோ, 200 ஜிஎஸ்எம். கம்பளி தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உள்வாங்கினாலும் தோலுக்குச் சில்லிடாது. பாலியஸ்டர் ஈரத்தை அதிகம் ஏற்காது, சீக்கிரம் காயும், விலையும் குறைவு. இரண்டாம் நாளே நாற்றம் பிடிக்கும். அதிகம் வியர்க்கும் உடம்பென்றால் 150. 250 அசையாமல் நிற்பவர்களுக்கு; பழகுகிறவர்களுக்கு அது புழுக்கம். குளிர் கூடினால் மேலே ஒரு ஃபிளீஸ் மேல்சட்டை சேர்த்துக்கொள்ளலாம், உள்ளே போட்டதை வெளியே வைத்துக் கழற்ற முடியாது.

பூம்பாறை:
அண்ணன் துணியைச் சொல்லிட்டாங்க, நான் அளவைச் சொல்றேன். ஒன் பீஸ் வாங்கிட்டு வருத்தப்படுறவங்க பெரும்பாலும் உயரத்தையும் மார்பளவையும் மட்டும் பார்த்து வாங்கினவங்கதான். உடல் நீளம்தான் முக்கியம். டேப்பைத் தோளின் நடுவில் வைத்து, முன்பக்கமா இறக்கி, கவட்டை வழியா பின்னால எடுத்து, அதே தோளுக்குக் கொண்டுவாங்க. அந்தச் சுற்றளவை அளவுப் பட்டியலோட ஒப்பிடுங்க. இரண்டு சைஸுக்கு நடுவில் வந்தா பெரியதை எடுங்க. போட்டதும் குந்தி உட்கார்ந்து, கையை நீட்டி, பூட்ஸைப் போர்டோட பிடிக்கிற பைண்டிங்கை மாட்டுற மாதிரி கால்விரலைத் தொடுங்க. தோள் இழுத்தாலோ கவட்டை இறுகினாலோ திருப்பிக் கொடுத்திடுங்க, அது துவைச்சு இளகும்னு நம்பாதீங்க.

கால் நீளம் முக்கால்தான் வேணும். பூட்ஸுக்குள்ள தெர்மலின் விளிம்பு போனா, லேஸ் இறுக்கும்போது அது கணைக்காலில் பதிந்து வலிக்கும், ரத்த ஓட்டம் குறைஞ்சு பாதம் விறைக்கும். பூட்ஸுக்குள்ள ஒரே ஒரு நீளச் சாக்ஸ், வேற எதுவும் வேண்டாம்.

பாத்ரூம்: ஒரு இடுப்பிலிருந்து பின்பக்கமா மறு இடுப்பு வரை ஜிப் ஓடுற டிராப் சீட் மாடலைத்தான் எடுங்க. பேண்ட்டை இறக்கி ஜிப்பைத் திறந்தா போதும். அது இல்லாத மாடலில் ஜாக்கெட், ஃபிளீஸ் எல்லாத்தையும் கழற்றித் தோளிலிருந்து உரிக்கணும். குளிரில் அந்தச் சிரமத்துக்குப் பயந்து தண்ணி குடிக்காம இருப்பாங்க பலர். அந்த உயரத்தில் அது தலைவலியில் கொண்டுவிடும். கழுத்து ஜிப்பையும் பாருங்க: தெர்மல், ஃபிளீஸ், ஜாக்கெட் மூணு ஜிப்பும் தாடைக்கு நேரே ஒண்ணுமேல ஒண்ணா வந்தா உறுத்திக்கிட்டே இருக்கும்.

மன்னவனூரில் இருப்பது பாரத் மெரினோ, நல்ல இனம்தான். ஆனா இந்தத் துணிக்கு தடிமன் 18.5 மைக்ரானுக்கு மேல் போகாத இழையை மெல்லிசா நூற்றுப் பின்னணும். கடையில் கிடைக்கிற கம்பளி நூலில் ஸ்வெட்டர் பின்னலாம், தோலோட ஒட்டிப் போட முடியாது.

குன்னூர் தேயிலை:
இரண்டு பேருக்கும் நன்றிங்க. ஒன்று விட்டுப்போச்சு: பின்பக்கம் அடிபடாமல் இருக்க பேட் வைத்த ஷார்ட்ஸ் போடச் சொல்கிறார்கள். அது உள்ளேயா மேலேயா? துவைப்பது?

தலைக்குந்தா:
தெர்மலுக்கு மேலே, ஸ்னோ பேண்ட்டுக்கு உள்ளே. போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்து பாருங்க. டிராப் சீட் ஜிப் வால் எலும்புக்குக் கீழே, பேடுக்கு அடியில் ஓடினால் ஒவ்வொரு விழுதலுக்கும் அந்தப் பற்கள் தோலில் குத்தும். இடுப்பு மட்டத்தில் ஓடுவதுதான் சரி.

துவைக்கும்போது ஜிப்பை மூடி, உள்பக்கத்தை வெளியே திருப்பி, 30 டிகிரிக்கு மேல் போகாத தண்ணீரில் கம்பளிக்கான திரவ சோப். கம்ஃபர்ட் மாதிரியும் பிளீச்சும் வேண்டாம். முறுக்காமல் துண்டில் சுருட்டி அழுத்திப் பிழியுங்க. ஈரத்தோடு தோளில் மாட்டித் தொங்கவிட்டால், ஒரே துணி என்பதால் முழு எடையும் இழுத்து உடல் நீளம் கூடிவிடும்; கம்பியில் இடுப்பை மடித்துப் போடுங்க. ஹீட்டர் பக்கம் வேண்டாம். ஊர் திரும்பியதும் வியர்வையோடு பெட்டியில் வைத்தால் பூச்சி அரிக்கும், குன்னூர் மூடுபனிக்குப் பூஞ்சையும் பிடிக்கும். துவைத்து, முழுக்கக் காய்ந்தபிறகு காற்றுப் புகாத கவரில் போட்டு வையுங்க.